முதுமையின் படிநிலைகளும் சமூகத்தின் பொறுப்பும்

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



முதுமையடைந்த பெற்றோரைப் பராமரிப்பது குறித்து அரசியல் வகுப்பில் விவாதிக்க வேண்டுமா என்ற கேள்வி எழக்கூடும். அது வீட்டுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியது, பிள்ளைகளின் கடமை, அதில் இயக்கத்துக்கு என்ன வேலை என்று கருதுவோர் உண்டு. மக்கள் அப்படிக் கருதுவதைத்தான் ஆளும் வர்க்கம் விரும்புகிறது. குடும்பத்தின் சொந்த விவகாரம் என்று முத்திரை குத்தப்பட்ட எதற்கும் அரசு நிதி ஒதுக்க வேண்டியதில்லை அல்லவா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 10 கோடியே 38 லட்சம் பேர். அவர்களில் பத்தில் ஏழு பேர் கிராமங்களில் வாழ்பவர்கள். ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் 2023இல் வெளியிட்ட இந்திய முதுமை அறிக்கை, 2022இல் 14.9 கோடியாக இருந்த இந்த எண்ணிக்கை 2050இல் 34.7 கோடியாக உயரும் என்று மதிப்பிடுகிறது. அதாவது ஐந்து இந்தியரில் ஒருவர் முதியவராக இருப்பார்.

மனிதர் நீண்ட காலம் வாழ்வது துயரச் செய்தி அன்று. தடுப்பூசி, பொது சுகாதாரம், ரேஷன், நில உரிமை, கூலி உயர்வு ஆகியவற்றுக்காக மக்கள் நடத்திய போராட்டங்களின் கனி அது. ஆனால் கூடுதலாகக் கிடைத்த ஆண்டுகளை எப்படி வாழ்வது என்பதை உழைக்கும் மக்களின் தலையிலேயே அரசு கட்டிவிட்டது. சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

ஐந்து நிலைகள்

முதுமையை ஒரே நிலையாகப் பார்ப்பது முதற்பிழை. அறுபத்தைந்து வயதில் வயல்வேலைக்குச் செல்பவரும், எண்பத்தைந்து வயதில் படுக்கையில் இருப்பவரும் அரசுப் பதிவேட்டில் ஒரே பிரிவினர். தேவையிலோ முற்றிலும் வேறானவர்கள். பராமரிப்பு என்பது படிப்படியாக மாறிச் செல்லும் ஒன்று.

முதல் நிலையில் முதியவர் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்கிறார். அவருக்குத் தேவை வருமானமும் மருந்தும் மரியாதையும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் தடையின்றிக் கிடைக்க வேண்டும். கண்புரை அறுவைச் சிகிச்சை தள்ளிப்போடப்படக் கூடாது. கழிப்பறையில் ஒரு கைப்பிடியும் இரவில் நடக்கும் வழியில் ஒரு விளக்கும் சில நூறு ரூபாய்ச் செலவுதான். அவை இல்லாததால் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், முதல் நிலையில் இருந்தவர் ஒரே நாளில் மூன்றாம் நிலைக்கோ நான்காம் நிலைக்கோ தள்ளப்படுகிறார். பெற்றோரிடம் மனம்விட்டுப் பேசுவதற்கான காலமும் இதுவே. எங்கே வாழ விரும்புகிறார்கள், யாருடன் வாழ விரும்புகிறார்கள், வீடும் நிலமும் சேமிப்பும் என்ன ஆக வேண்டும், எத்தகைய சிகிச்சையை ஏற்பார்கள், எதை வேண்டாம் என்பார்கள் ஆகியவற்றை அவர்கள் தெளிவாக இருக்கும்போதே கேட்டறிய வேண்டும். பெரும்பாலான குடும்பங்களில் இந்தப் பேச்சு அபசகுனம் என்று ஒத்திவைக்கப்படுகிறது. பிறகு மருத்துவமனை வராந்தாவில் பிள்ளைகளுக்குள் சண்டையாக அது வெடிக்கிறது.

இரண்டாம் நிலையில் வெளிவேலைகளுக்கு உதவி தேவைப்படுகிறது. வங்கிக்குச் செல்வது, ரேஷன் வாங்குவது, மாத்திரைகளை வேளை தவறாமல் எடுப்பது, சமைப்பது ஆகியவை கடினமாகின்றன. ஐம்பது ஆண்டுகள் மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களின் ரேகையை ஆதார் இயந்திரம் ஏற்க மறுக்கிறது. இந்த நிலையில் குடும்பங்கள் செய்யும் பெருந்தவறு, உதவியையும் அதிகாரத்தையும் ஒன்றாக்குவது. பணம் எடுத்துத் தர வங்கி அட்டையை வாங்கும் மகன், எதற்குச் செலவிடுவது என்பதையும் தானே முடிவு செய்யத் தொடங்குகிறான். கைகால் தளர்ந்தவர் கருத்தும் இழந்தவர் ஆகிவிடமாட்டார். முடிவெடுக்கும் உரிமை கடைசிவரை அவருடையதே.

மூன்றாம் நிலையில் குளிக்கவும் உடுக்கவும் கழிப்பறைக்குச் செல்லவும் பிறர் கை வேண்டும். ஆயுள் முழுவதும் யாரிடமும் கையேந்தாமல் உழைத்தவருக்கு இதைவிடக் கசப்பானது வேறில்லை. அவருடைய எரிச்சலுக்கும் பிடிவாதத்துக்கும் பின்னால் இருப்பது பெரும்பாலும் கூச்சமே. இந்த நிலைக்கான மாற்றம் மெதுவாக வருவதில்லை. பக்கவாதமோ எலும்பு முறிவோ ஏற்பட்டு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் அது திடீரென வருகிறது. டிஸ்சார்ஜ் சீட்டு கையில் தரப்படுகிறது. கட்டிலிலிருந்து எப்படித் தூக்குவது, விழுங்கச் சிரமப்படுபவருக்கு எப்படி ஊட்டுவது, எந்தப் பழைய மாத்திரையை நிறுத்துவது, எந்தப் பயிற்சியை எத்தனை முறை செய்விப்பது என்று சொல்லித்தர அங்கே எவருக்கும் நேரமில்லை. இவற்றைக் கேட்டறியாமல் மருத்துவமனையை விட்டு வரக் கூடாது என்பதைக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். சொல்லித்தர ஆள் நியமிக்க வேண்டியது அரசின் கடமை.

நான்காம் நிலை படுக்கை நிலை அல்லது மறதிநோய் நிலை. படுத்தே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். இரவிலும் அப்படித்தான். ஒருவரே இதைச் செய்ய முடியாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. மறதிநோயைப் பொறுத்தவரை, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், அதனால் பாதிக்கப்பட்டிருப்பதாக நாடளாவிய ஆய்வின் அடிப்படையில் 2023இல் மதிப்பிடப்பட்டது. ஆயினும் நாட்டின் பெரும்பகுதியில் அது நோய் என்றே அறியப்படவில்லை. வயதானால் அப்படித்தான் என்கிறார்கள், அல்லது வேண்டுமென்றே செய்கிறார் என்று வைகிறார்கள். உணவு உண்டதை மறந்து மீண்டும் கேட்கும் தாயிடம் வாதிட்டு வெல்ல முடியாது. நோயைப் புரிந்துகொண்ட குடும்பம் அவரை அமைதிப்படுத்தும் வழியைத் தேடும்.

ஐந்தாம் நிலை இறுதிக்காலம். குணமாக்க இயலாத நோயில் வலியின்றி, மூச்சுத்திணறலின்றி, உற்றார் அருகில் இருக்க விடைபெறுவது மனிதரின் உரிமை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளால், மார்பின் என்ற மலிவான வலிநிவாரணி பல ஆண்டுகளாக நோயாளிகளை எட்டவில்லை. 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. எனினும் பெரும்பாலான மாநிலங்களில் ஏழைகளுக்கு அது இன்னும் எளிதில் கிடைப்பதில்லை. மறுபுறம், தனியார் மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பயனற்ற சிகிச்சைக்காக நிலத்தை விற்ற குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. கண்ணியத்துடன் இறக்கும் உரிமை வாழும் உரிமையின் பகுதியே என்று உச்சநீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. எத்தகைய உயிர்காப்புச் சிகிச்சை வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைப்பதற்கான நடைமுறையை 2023இல் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும்.

இந்த ஐந்து நிலைகளுக்கும் ஐந்து வகையான ஏற்பாடுகள் தேவை. இந்தியாவில் உழைக்கும் மக்களுக்கு இருப்பவை இரண்டே: ஒன்று வீடு, மற்றொன்று மருத்துவமனை. இடையில் உள்ள வெளியில் அரசு இல்லை. அந்த வெளியை நிரப்புவது யார்?

சுமை யார் தோளில்?

நிரப்புவது பெண்கள். 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளோரைப் பராமரிக்கும் பணியில் நாள்தோறும் சுமார் 140 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்களில் அப்பணியில் ஈடுபடுவோர் 21.4 சதவீதம்; அவர்கள் செலவிடும் நேரம் 74 நிமிடம். குழந்தைப் பராமரிப்பும் இதில் அடங்கும். சமையல், துப்புரவு ஆகியவை இக்கணக்கில் சேரவில்லை.

தாய்தந்தையரைப் பேணுவது மகனின் கடமை என்று சமூகம் போற்றுகிறது. குளிப்பாட்டுவதும் மலம் அள்ளுவதும் மருமகளின் வேலையாக முடிகிறது. வேலையை விட்டு விலகுபவள் அவள். தன் சொந்தத் தாய்க்கு உடல்நலம் குன்றினால் போய்ப் பார்க்க அனுமதி கேட்டு நிற்பவளும் அவளே. இந்தக் கூலியற்ற உழைப்பு ஒருநாள் நின்றுவிட்டால் அரசு எத்தனை லட்சம் பணியாளர்களை நியமிக்க வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், குடும்பத்தின் புனிதம் குறித்து ஆட்சியாளர்கள் ஓயாமல் உபதேசிப்பதன் காரணம் விளங்கும். குடும்பம் என்ற அமைப்பு பொருளாதாரத்தோடு எப்படிப் பிணைந்துள்ளது என்பதை ஏங்கெல்ஸ் 1884இலேயே ஆராய்ந்தார். இன்றைய வீடுகளின் படுக்கையறைகளில் அந்த ஆய்வு இன்னும் முடிந்துவிடவில்லை.

முதியோரிலும் பெண்களின் நிலை மோசமானது. ஆணைவிட நீண்ட காலம் வாழும் பெண், பெரும்பாலும் விதவையாக, சொத்தின்றி, ஓய்வூதியமின்றி அந்த ஆண்டுகளைக் கடக்கிறாள். கணவனின் கடைசிக் காலத்தில் அவனைப் பேணியவள் அவள். அவளுடைய கடைசிக் காலத்தில் அருகில் எவருமில்லை.

வசதி படைத்தோர் ஆள் வைத்துக்கொள்கிறார்கள். அப்படி வேலைக்கு வரும் பெண்கள் யார்? ஏழைக் குடும்பங்களிலிருந்து, பெரிதும் தலித், பழங்குடி, பிற்பட்ட சமூகங்களிலிருந்து வருபவர்கள். தம் வீட்டு முதியவரைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு அயலார் வீட்டு முதியவரைப் பேண வருகிறார்கள். பன்னிரண்டு மணி நேர வேலை, ஏஜென்சிக்குக் கமிஷன், வார விடுப்பு இல்லை. வீட்டுப் பணியாளர்களின் உரிமைகளுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆவது உடன்படிக்கை 2011இல் நிறைவேறியது. இந்திய அரசு இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை.

சட்டம் யாரை நோக்கி விரல் நீட்டுகிறது?

முதுமையில் அரசின் உதவி பெறும் உரிமையை அரசியலமைப்பின் 41ஆவது பிரிவு வழிகாட்டு நெறியாகக் கூறுகிறது. நடைமுறை என்ன? 1995இல் 75 ரூபாயில் தொடங்கிய ஒன்றிய அரசின் முதியோர் ஓய்வூதியம், 60 முதல் 79 வயது வரையிலானோருக்கு இன்று 200 ரூபாய். 80 வயதைக் கடந்தோருக்கு 500 ரூபாய். அதுவும் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு மட்டும். 200 ரூபாய் என்றால் நாளொன்றுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை; ஒரு தேநீருக்குப் போதாது. பல ஆண்டுகளாக விலைவாசி எத்தனை மடங்கு உயர்ந்தாலும் இந்தத் தொகை அசையவில்லை. தொழிலாளர் வைப்புநிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் 1000 ரூபாயிலேயே நிற்கிறது. ரயில் பயணத்தில் முதியோருக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் பெருந்தொற்றைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. பெருந்தொற்று போனது, சலுகை திரும்பவில்லை.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் சில பயன்களைத் தருகிறது. கைவிடப்பட்ட பெற்றோர் வழக்கறிஞர் இன்றித் தீர்ப்பாயத்தை அணுகலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் பெறலாம். பராமரிப்பதாகக் கூறிச் சொத்தை எழுதி வாங்கி ஏமாற்றினால், 23ஆவது பிரிவின்படி அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். கட்சி ஊழியர்கள் இவற்றை அறிந்திருப்பது அவசியம்.

ஆனால் இச்சட்டத்தின் சாய்வைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் பராமரிக்காவிட்டால் சிறைத்தண்டனைக்கும் வழியுண்டு. மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லம் அமைக்கும் பொறுப்பைச் சொல்லும் 19ஆவது பிரிவிலோ, மாநில அரசு அமைக்கலாம் என்ற சொல்லே உள்ளது. பிள்ளைகளுக்குக் கட்டாயம், அரசுக்கு விருப்பம்! தினக்கூலி பெறும் மகனிடமிருந்து தீர்ப்பாயம் எதை வசூலித்துத் தர முடியும்? வீட்டுவழிப் பராமரிப்பு பற்றிய விதிகளை உள்ளடக்கிய 2019ஆம் ஆண்டின் திருத்த மசோதாவும் நிறைவேறாமலேயே காலாவதியானது.

2024 அக்டோபரில், 70 வயதைக் கடந்த அனைவருக்கும் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு என்று ஒன்றிய அரசு அறிவித்தது. மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் அது பயன்படும். அன்றாட மாத்திரை, வீட்டுக்கு வரும் செவிலியர், இயன்முறைப் பயிற்சி, நீண்டகாலப் பராமரிப்பு ஆகிய எதற்கும் அது உதவாது. முன்பு சொல்லப்பட்ட ஐந்து நிலைகளில் பெரும்பகுதி வீட்டிலேயே கழிகிறது. பொதுப்பணமோ மருத்துவமனைகளின் வாசலை நோக்கியே பாய்கிறது.

சந்தை தரும் பாடம்

அரசு விலகிய இடத்தில் மூலதனம் நுழைகிறது. பெருநகரங்களின் ஓரங்களில் முதியோர் குடியிருப்புகள் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்கப்படுகின்றன. வளர்ந்த நாடுகளின் அனுபவம் என்ன? பிரிட்டனில் தொண்ணூறுகளிலிருந்து முதியோர் பராமரிப்பு பெருமளவு தனியாரிடம் சென்றது. அங்கு மிகப்பெரிதாக விளங்கிய தனியார் முதியோர் இல்ல நிறுவனம், கட்டடங்களை விற்று அவற்றையே வாடகைக்கு எடுக்கும் நிதி விளையாட்டில் சிக்கி 2011இல் சரிந்தது. சுமார் 31,000 முதியவர்கள் அடுத்த வேளை யார் பொறுப்பில் இருப்போம் என்று அறியாமல் தவித்தார்கள்.

ஜப்பான் சோசலிச நாடு அன்று. அங்கும் 2000ஆம் ஆண்டு முதல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு நடைமுறையில் உள்ளது. செலவில் ஏறத்தாழப் பாதி வரிப்பணம், மீதி 40 வயதைக் கடந்தோரின் சந்தா. முதியவரின் தேவையை உள்ளாட்சி மதிப்பிட்டு, ஏழு நிலைகளில் ஒன்றை வரையறுக்கிறது. நிலை மாறினால் உதவியும் மாறுகிறது. பராமரிப்பின் படிநிலைகளை ஒரு முதலாளித்துவ அரசே பொதுப்பொறுப்பாக ஏற்க முடிகிறதென்றால், இந்தியாவில் அது இயலாத கனவு என்று சொல்வதற்கில்லை.

கேரளம் காட்டிய வழி

வளம் குறைந்த மாநிலத்தில் இதைச் செய்ய முடியுமா என்பதற்கான விடை கேரளத்தில் உள்ளது. விவசாயத் தொழிலாளர்களுக்கு ஓய்வூதியம் என்பதை 1980இல் நாயனார் அரசு 45 ரூபாயில் தொடங்கியது. பின்னாளில் விரிந்த நல ஓய்வூதியங்களின் வித்து அது.

1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் உள்ளிட்டோர் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சைக்கான அமைப்பைத் தொடங்கினர். நோயாளியின் தேவையில் மருத்துவர் தீர்க்கக்கூடியது சிறுபகுதியே என்பதை அந்த அனுபவம் உணர்த்தியது. அரிசியும் பேச்சுத்துணையும் பிள்ளைகளின் பள்ளிக்கட்டணமும்கூட நோயாளியின் தேவைகளே. எனவே புத்தாயிரத்தின் தொடக்கத்தில் மலப்புரத்திலும் அண்டை மாவட்டங்களிலும் அக்கம்பக்கக் குழுக்கள் உருவாயின. கூலித் தொழிலாளர்கள், ஆசிரியர்கள், இல்லத்தரசிகள், மாணவர்கள் ஆகியோர் பயிற்சி பெற்று, வாரத்தில் சில மணி நேரத்தைத் தம் பகுதி நோயாளிகளுக்கு ஒதுக்கினர். 2008இல் கேரள அரசு ஆதரவுச் சிகிச்சைக் கொள்கையை அறிவித்தது. இந்தியாவில் அதுவே முதலாவது. மக்கள் திட்ட இயக்கத்தின் வழியே அதிகாரமும் நிதியும் பெற்றிருந்த ஊராட்சிகள் செவிலியரை நியமித்தன. படுக்கையில் உள்ளவரின் வீட்டுக்கே சென்று புண்ணுக்குக் கட்டுப்போடுவதும், சிறுநீர்க்குழாய் மாற்றுவதும், குடும்பத்தாருக்குப் பயிற்சி தருவதும் உள்ளாட்சியின் வழக்கமான பணிகளாயின.

நகர்ப்புற முதியோருக்கு இலவச மருந்துடன் நடமாடும் மருத்துவமனை தரும் வயோமித்ரம் திட்டமும், படுக்கை நோயாளியைப் பேணுபவருக்கு மாதம் 600 ரூபாய் தரும் ஆஸ்வாசகிரணம் திட்டமும் அங்கு உண்டு. 2025இல் முதியோர் ஆணையத்துக்கென்று தனிச்சட்டமும் இயற்றப்பட்டது. குறைகள் இல்லை என்பதன்று. 600 ரூபாய் மிகச் சிறிய தொகை. பிள்ளைகள் கடல்கடந்து சென்றுவிட, பூட்டிய வாசலுக்குள் தனித்து வாழும் முதியோர் அங்கு ஏராளம். எனினும் பேணுபவரின் உழைப்பும் உழைப்பே என்று ஒரு அரசு ஒப்புக்கொண்டது பெரிய காரியம். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் மாத்திரையையும் இயன்முறைச் சிகிச்சையையும் ஆதரவுச் சிகிச்சையையும் வீட்டுவாசலுக்குக் கொண்டு செல்கிறது. அதில் உழைக்கும் பெண்களுக்கு நிரந்தரப் பணியும் உரிய ஊதியமும் கோருவது தொழிற்சங்கத்தின் கடமை.

கோரிக்கைகளும் கடமைகளும்

இயக்கம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை.

ஒன்று, அமைப்புசாராத் தொழிலாளர் உள்ளிட்ட அனைத்து முதியோருக்கும், விலைவாசியோடு இணைந்து உயரும், வாழப் போதுமான ஓய்வூதியம்.

இரண்டு, ஒவ்வொரு ஊராட்சியிலும் நகர வார்டிலும் வீட்டுவழிப் பராமரிப்புக் குழு. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவோரின் பட்டியல் அன்றே அக்குழுவுக்குக் கிடைக்கும் ஏற்பாடு.

மூன்று, அங்கன்வாடியைப் போல முதியோருக்கான பகல்நேர மையம். குழந்தைகளுக்கு 1975 முதல் அங்கன்வாடி சாத்தியமானதென்றால், முதியோருக்கு ஏன் முடியாது?

நான்கு, ஆசா, அங்கன்வாடி ஊழியர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க 2013ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் மாநாடு செய்த பரிந்துரையை நிறைவேற்றுவது. இதைச் செய்யாமல் அவர்கள் தலையில் முதியோர் பராமரிப்பையும் சுமத்தக் கூடாது.

ஐந்து, வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி, வேலை நேர வரையறை, வார விடுப்பு. பெற்றோரைப் பேணும் தொழிலாளர்களுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு.

கோரிக்கைகள் நிறைவேறும்வரை காத்திருக்க முடியாத வேலைகளும் உண்டு. கிளைகள் தம் பகுதியில் தனித்து வாழும் முதியோர், படுக்கையில் உள்ளோர் ஆகியோரின் பட்டியலைத் தயாரிக்கலாம். வாலிபர் அமைப்பினர் புரட்டிப் படுக்க வைக்கவும் தூக்கவும் பயிற்சி பெறலாம். வாரத்தில் ஒரு நாள் நான்கு மணி நேரம் ஒரு முதியவருடன் யாரேனும் இருந்தால், அவரைப் பேணும் பெண் உறங்கவோ, வெளியே சென்று வரவோ முடியும். 14567 என்ற முதியோர் உதவி எண்ணையும் தீர்ப்பாயத்தின் நடைமுறையையும் ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டு சேர்க்கலாம்.

கடைசியாக ஒன்று, தோழர்களே. ஊர்வலத்தில் பெண்ணுரிமை முழக்கம் எழுப்பிவிட்டு, வீடு திரும்பியதும் தந்தையின் படுக்கையை மாற்றுவது மனைவியின் வேலை என்று ஒதுங்கும் ஆண் தோழர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாலைக் கூட்டத்துக்குப் பெண் தோழர் வராதபோது, அவர் யாரைப் பேணிக்கொண்டிருக்கிறார் என்று விசாரிக்கும் கிளைகள் மிகச் சில. கட்சியைக் கட்டிய மூத்த தோழர்கள் பலர் இன்று நான்காம் நிலையில் கிடக்கிறார்கள். அவர்கள் மறைந்த பின் கொடி போர்த்தி அஞ்சலி செலுத்துவதில் எந்தக் கிளையும் தவறுவதில்லை. அவர்கள் உயிரோடிருக்கும்போது மாதம் ஒருமுறை சென்று பார்ப்பதும், அருகிலிருந்து பத்திரிகையைப் படித்துக் காட்டுவதும், அவர்களைப் பேணுபவருக்குத் தோள் கொடுப்பதும் அந்த அஞ்சலியினும் மேலான கட்சிப்பணி. இந்த வகுப்பு முடிந்து செல்லும் ஒவ்வொரு கிளையும் அந்தப் பட்டியலின் முதற்பெயரை இந்த வாரமே எழுதத் தொடங்க வேண்டும்.